வெளிநாட்டில் படிக்கும்போது ஸ்பானிஷில் நன்றாக எழுதக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்கோ லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றுக்கோ ஒரு செமஸ்டர், ஒரு வருடம் என்று படிக்கப் போகிறவர்களும், அங்கே மேல்நிலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்த பிறகு திணறுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்பானிஷ் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உச்சரிப்பு ஏறக்குறைய இருக்கும்.

அங்கே போய் இருந்தாலே எழுத்து தானாக வந்துவிடாதா?

வராது. பேச்சு வரும், காது பழகும், வகுப்பில் பேராசிரியர் வேகமாகச் சொல்வதும் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். எழுத்து அப்படி வருவதில்லை, ஏனென்றால் தெருவில் யாரும் உங்கள் வாக்கியத்தைத் திருத்த மாட்டார்கள். ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொன்னாலும் வினை தப்பாக வந்தாலும் எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், பதில் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தமிழ் சரளமாகப் பேசுகிற எல்லோராலும் தமிழில் ஒரு கட்டுரை எழுதிவிட முடிகிறதா? பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இருக்கிற தூரம் ஸ்பானிஷில் இல்லைதான், ஆனாலும் அங்கே பிறந்து வளர்ந்த மாணவர்களே பல்கலைக்கழகம் வந்த பிறகு எழுத்துக்கென்று தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பதன் உண்மையான லாபம் வேறு: எழுதினால் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறது, திருத்தியதை அடுத்த வாரமே திரும்ப எழுதிக் காட்ட வாய்ப்பு இருக்கிறது. இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எழுத்து வருகிறது. மற்றவர்கள் நன்றாகப் பேசுகிறவர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

எந்த நிலையில் இந்த வகுப்பில் சேரலாம்?

பி2 நிலையைத் தாண்டியிருந்தால் நல்லது. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட, மொழித்திறனை அளக்கும் ஆறு படி ஏணியில் (ஏ1-லிருந்து சி2 வரை) இது நான்காவது படி. அதற்குக் கீழே இருந்தால் வினைத் திரிபுகளோடு போராடுவதிலேயே நேரம் போய்விடும், வாதத்தைக் கட்டுவது பற்றி யோசிக்க மனம் இருக்காது. பல இடங்களில் போய்ச் சேர்ந்ததும் நிலை பார்க்கும் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் முன்கூட்டியே மனப்பாடம் செய்த வாக்கியங்களைப் போட்டு மேல் வகுப்புக்குப் போய்விடாதீர்கள், பிறகு செமஸ்டர் முழுக்கத் தவிக்க நேரிடும்.

வகுப்பில் என்னதான் செய்வார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். வர்ணனை, கதை சொல்லல், விளக்கவுரை, வாதக் கட்டுரை என்று படிப்படியாகப் போவது பொதுவான முறை. நடுவில் ‘ரெசேஞா’ (நூல் அல்லது படத்துக்கான மதிப்புரை), முறையான கடிதம், சுருக்கம் எல்லாம் வரும். ஸ்பெயினில் ‘கொமெந்தாரியோ தே தெக்ஸ்தோ’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பக்க அளவு இலக்கியப் பகுதியையோ செய்தித்தாள் கட்டுரையையோ கொடுத்து, அதன் கருப்பொருள், கட்டமைப்பு, மொழிநடை மூன்றையும் பிரித்துப் பேசச் சொல்வார்கள். அங்குள்ள மாணவர்கள் பள்ளியிலிருந்தே இதைச் செய்து பழகியவர்கள், அதனால் இதற்கென்று ஒரு வடிவம் இருப்பதை யாரும் உங்களிடம் சொல்லாமலேயே விட்டுவிடக்கூடும். முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் நல்ல மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பகுதியில் என்ன சொல்லியிருக்கிறது என்று திரும்பச் சொல்வது கொமெந்தாரியோ ஆகாது. அது எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, அப்படிச் சொன்னதால் என்ன விளைகிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

நன்றாகத்தான் பேசுகிறேன். தாள் மட்டும் ஏன் சிவப்பாகத் திரும்பி வருகிறது?

பேச்சில் நம்மைக் காப்பாற்றுகிற சொற்கள் எழுத்தில் காலை வாரிவிடும் என்பதால். ‘கோசா’ (விஷயம், பொருள்), ‘அசேர்’ (செய்), ‘தெனேர்’ (வைத்திரு), ‘தெசீர்’ (சொல்), ‘ஆய்’ (இருக்கிறது) என்ற ஐந்தையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசி ஓட்டிவிடலாம். கட்டுரையில் இவை வந்த இடமெல்லாம் ஆசிரியர் கோடு போடுவார். வேறு பெரிய சொல் போடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அகராதியிலிருந்து ஒரு கனமான சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள் நிறைய. அவர் கேட்பது அதை இல்லை.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். சுற்றுலா பற்றிய கட்டுரையில் ஒரு மாணவர் ‘ஆய் முச்சாஸ் கோசாஸ் மாலாஸ் என் எல் துரிஸ்மோ’ என்று எழுதுகிறார், அதாவது சுற்றுலாவில் நிறையக் கெட்ட விஷயங்கள் இருக்கின்றன. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஓரத்தில் ‘என்ன விஷயங்கள்?’ என்று கேள்வி வருகிறது. அதற்குப் பதில் யோசித்துவிட்டுத் திரும்ப எழுதினால் ‘எல் துரிஸ்மோ என்காரெசே லா விவியெந்தா இ வசியா எல் சென்த்ரோ தே வெசினோஸ்’ என்று வரும்: சுற்றுலா வீட்டு விலையை ஏற்றுகிறது, நகர மையத்தில் குடியிருப்பவர்களை வெளியேற்றிக் காலியாக்குகிறது. கோசா போய்விட்டது, ஆய் போய்விட்டது, இரண்டு துல்லியமான வினைச்சொற்கள் வந்துவிட்டன, வாக்கியத்துக்கு ஒரு கருத்தும் கிடைத்துவிட்டது. கோசா என்று எழுதுகிற இடத்தில் பெரும்பாலும் நாம் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்பதுதான் அர்த்தம், அதனால் அந்தச் சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்கும் முன் சொல்ல வந்தது என்ன என்று தமிழிலாவது முழுசாகச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, சேர்ந்தே வரும் சொற்கள். ஸ்பானிஷில் பிழையைச் ‘செய்ய’ மாட்டார்கள், ‘கொமெத்தேர்’ என்ற வினைதான் அதோடு போகும். முடிவோடு ‘தொமார்’, கவனத்தோடு ‘பிரெஸ்தார்’, ஒரு பிரச்சினையை முன்வைக்க ‘பிளாந்தெயார்’. பெயர்ச்சொல்லைத் தனியாகக் குறித்து வைப்பதால் பலன் குறைவு. அதன் வினையோடு சேர்த்து ஜோடியாகக் குறித்து வையுங்கள்.

தமிழ் பேசுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, இதைப் பற்றி எங்கும் எழுதியிருப்பது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் ‘ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் வாங்கி, ரயிலில் ஏறி, படிக்க ஆரம்பித்தேன்’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், கடைசியில் ஒரு முற்றுவினை வந்தால் போதும். அதே பழக்கத்தில் ஸ்பானிஷிலும் ‘யெகாந்தோ’, ‘கொம்பிராந்தோ’, ‘சுபியெந்தோ’ என்று -ந்தோ வடிவங்களை வரிசையாகப் போட்டுவிடுகிறோம். அந்த வடிவத்துக்கு ஹெருந்தியோ என்று பெயர். அது பொதுவாக முக்கிய வினையோடு ஒரே நேரத்தில் நடப்பதையோ, அது நடக்கும் விதத்தையோ சொல்லும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்ல, முதல் செயலுக்கு ‘அல்’ போட்டு வினையின் மூல வடிவத்தை வைத்துவிட்டு, மற்றவற்றை எல்லாம் முற்றுவினையாகவே எழுத வேண்டும்: ‘அல் யெகார் ஆ லா எஸ்தாசியோன் கொம்ப்ரே எல் பியேத்தே, சுபீ அல் த்ரென் இ எம்பெசே ஆ லேர்.’

இதைவிட மோசமானது, பின்னால் நடந்த விளைவை ஹெருந்தியோவில் சொல்வது. ‘அரசு சட்டத்தை நிறைவேற்றியது, அதனால் போராட்டங்கள் எழுந்தன’ என்பதை ‘எல் கொபியெர்னோ அப்ரொபோ லா லேய், ப்ரொவொகாந்தோ ப்ரொதெஸ்தாஸ்’ என்று எழுதினால், அந்த ஊர்ச் செய்தித்தாள்களிலேயே இப்படிப் பார்க்கலாம் என்றாலும், எழுத்து வகுப்பில் கோடு விழும். ‘ப்ரொவொகாந்தோ’வை எடுத்துவிட்டு ‘லோ கே ப்ரொவொகோ’ என்று போட்டால் சரியாகிவிடும். இன்னும் நல்ல வழி முதல் பாதியைப் பெயர்ச்சொல் ஆக்கிவிடுவது: ‘லா அப்ரொபாசியோன் தே லா லேய் ப்ரொவொகோ ப்ரொதெஸ்தாஸ்’. சட்டம் நிறைவேறியது போராட்டங்களைத் தூண்டியது, அவ்வளவுதான், ஒரே வினை. மேல்நிலை ஸ்பானிஷ் உரைநடையின் ஓட்டம் பெரிய அளவில் இந்தப் பெயர்ச்சொல்லாக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு கட்டுரை எழுதி முடித்ததும் -ந்தோ வருகிற எல்லா இடத்தையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பெயரெச்சம். தமிழில் ‘நாவல்களைப் பலரும் படித்த எழுத்தாளர்’ என்று அடைமொழி முன்னால் வரும், ஸ்பானிஷில் பெயருக்குப் பின்னால் ‘கே’ போட்டுத் தொடர வேண்டும். அங்கே ‘யாருடைய’ என்ற பொருள் வரும்போது ‘உன் அவுத்தோர் கே சுஸ் நொவேலாஸ்’ என்று எழுதத் தோன்றும். பேச்சில் ஸ்பானியர்களே இப்படிச் சொல்வதுண்டு, இந்தப் பிழைக்குக் கெசுயிஸ்மோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எழுத்தில் ‘குயாஸ் நொவேலாஸ்’ என்றுதான் வர வேண்டும். இந்த ‘குயோ’ உடையவரைப் பார்த்து மாறாது, உடைமையைப் பார்த்து மாறும். நாவல் பெண்பால் பன்மை என்பதால் குயாஸ்.

சப்ஜங்க்டிவ் (விருப்பம், ஐயம், கற்பனை போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) விதிகள் எல்லாம் தெரியும். கட்டுரையில் அதற்கு என்ன வேலை?

விதியாகத் தெரிவது வேறு, வாதத்தில் கருவியாகப் பயன்படுத்துவது வேறு. ‘அவுன்கே’ (ஆனாலும், -ஆக இருந்தாலும்) என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவுன்கே எஸ் காரோ’ என்று சாதாரண வினையோடு எழுதினால், இது விலை அதிகம் என்ற தகவலை நீங்கள் வாசகருக்குத் தருகிறீர்கள். ‘அவுன்கே செயா காரோ’ என்று சப்ஜங்க்டிவில் எழுதினால், விலை அதிகமாகவே இருக்கட்டும், அதனால் என் முடிவு மாறாது என்று பொருள். எதிர்த்தரப்பு சொல்வதை ஒப்புக்கொண்டே அதற்கு எடை கொடுக்காமல் தாண்டிப் போக இந்த இரண்டாவது வடிவம் அருமையாக உதவும். வாதக் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் சரியான இடத்தில் விழுந்தால், எழுதியவருக்கு மொழி கைவந்திருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

இணைப்புச் சொற்கள் நிறையப் போட்டால் நல்லதா?

அளவாக. ‘சின் எம்பார்கோ’ (ஆனால்), ‘நோ ஓப்ஸ்தாந்தே’ (இருப்பினும்), ‘போர் லோ தாந்தோ’ (ஆகவே), ‘அசிமிஸ்மோ’ (அதேபோல) என்ற பட்டியலை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒன்றை வைக்கிறார்கள். இரண்டு கருத்துகளுக்கு நடுவே முரண் இல்லாத இடத்தில் சின் எம்பார்கோ போட்டால் முரண் வந்துவிடாது. பத்தியை இணைப்புச் சொல்லே இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள், தொடர்பு புரியாத இடத்தில் மட்டும் சேருங்கள்.

நிறுத்தற்குறிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

ஆங்கிலப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு வருவது இங்கேதான், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாமல். கடிதத்தில் விளிச்சொல்லுக்குப் பிறகு கமா வராது, முக்காற்புள்ளி வரும். மாதப் பெயர், கிழமை, மொழிப் பெயர் எல்லாம் சிறிய எழுத்தில். தலைப்பில் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. மேற்கோள் முடிந்த பிறகுதான் முற்றுப்புள்ளி. கேள்வி தொடங்கும் இடத்தில் தலைகீழான ¿ போடுவதை, ஸ்பானிஷுக்கு விதி வகுக்கும் ஸ்பானிஷ் அகாதெமி 1754-ல் விதியாக்கியது. குறுஞ்செய்தியில் அங்குள்ளவர்களே அதை விட்டுவிடுவார்கள், அதைப் பார்த்து நீங்களும் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே கமா போடுவதற்கு அங்கே ‘கோமா கிரிமினால்’, குற்றவாளிக் கமா, என்றே பெயர். எழுவாய் நீளமாக இருந்தால் மூச்சு விடுகிற இடத்தில் கை தானாகக் கமா போட்டுவிடும். எவ்வளவு நீளமானாலும் கூடாது.

எழுத்தின் மேல் போடும் அழுத்தக்குறி ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகிவிடும்?

பொருள் மாறிவிடும். ‘தெர்மினோ’ என்ற ஒரே எழுத்து வரிசையில், முதல் அசையில் குறி இருந்தால் ‘சொல், முடிவு’ என்ற பெயர்ச்சொல், குறியே இல்லாவிட்டால் ‘நான் முடிக்கிறேன்’, கடைசி அசையில் இருந்தால் ‘அவர் முடித்தார்’. பெரிய எழுத்தின் மேலும் குறி கட்டாயம். ‘சோலோ’ (மட்டும்) என்ற சொல்லுக்குக் குறி உண்டா என்பதில் மட்டும் சண்டை தீரவில்லை. தேவையில்லை என்று அகாதெமி 2010-ல் சொன்னது, குழப்பம் வரும் என்று எழுதுபவர் கருதினால் போட்டுக்கொள்ளலாம் என்று 2023-ல் தெளிவுபடுத்தியது. உங்கள் ஆசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தேர்வைக் கையால் எழுத நேரலாம், கணினி திருத்திக் கொடுக்கும் பழக்கத்தை முன்பே விட்டுவிடுவது நல்லது.

திருத்தி வந்த தாளை என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், ஆனால் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். பெரும்பாலோர் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், சிவப்பைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்படுவார்கள், தாளை உள்ளே வைத்துவிட்டு அடுத்த தலைப்பில் புதிதாக எழுதத் தொடங்குவார்கள். அடுத்த தாளில் அதே பிழைகள் அப்படியே வரும்.

நான் பரிந்துரைக்கும் வழி இது. முதலில் பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள்: தெரிந்தும் கைதவறியவை, தெரியாமலேயே செய்தவை. கைதவறியவற்றுக்கு ஒரு சரிபார்ப்புக் குறிப்பு போதும், சமர்ப்பிக்கும் முன் அவற்றை மட்டும் தேடி ஒரு சுற்று படித்துவிடலாம். தெரியாமல் செய்தவைதான் பாடம். அவை ஒவ்வொன்றுக்கும் விதியை எழுதுவதைவிட, சரியான வாக்கியத்தை முழுசாக ஒரு நோட்டில் எழுதி, அதே அமைப்பில் சொந்தமாக இன்னொரு வாக்கியமும் எழுதுங்கள். ஓரிரு நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், அதே கட்டுரையை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தம் உள்ளே போயிருந்தால் அது தானாக வந்திருக்கும், போகாத இடம் பளிச்சென்று தெரியும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் புதிய தலைப்புகளில் எழுதிக் குவிப்பதைவிட ஒரே கட்டுரையை இப்படி மறுபடி எழுதுவது அதிகம் கற்றுக்கொடுக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இரண்டாவது வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஸ்பெயினில் பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்கவே ‘துதோரியா’ என்று வாரத்தில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அந்த நேரத்தில் பெரும்பாலும் கூட்டம் இருக்காது. ‘என் எழுத்து எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘இந்த வாக்கியத்தில் ஏன் இம்பெர்ஃபெக்தோ (தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம்), ஏன் முற்றுப்பெற்ற இறந்தகாலம் வரவில்லை?’ என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

ஸ்பானிஷ் நண்பரிடம் கொடுத்துத் திருத்தலாமா?

தாராளமாக. ஆனால் எது தப்பு என்று அவருக்குத் தெரியும், ஏன் தப்பு என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது, ‘அப்படிச் சொல்ல மாட்டோம்’ என்பார். அதுவே பெரிய உதவி. காரணத்தை நீங்கள் அகாதெமியின் அகராதியிலோ, சரியான ஸ்பானிஷ் பயன்பாடு பற்றி ஆலோசனை சொல்லி 2005-லிருந்து இயங்கும் ஃபுந்தேயு என்ற அமைப்பின் பக்கத்திலோ தேடிக்கொள்ளலாம், இரண்டும் இணையத்தில் இலவசம். அவரைப் பேனா எடுக்க விடாமல், இடத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவி, ஏஐ?

கல்வி நிறுவனத்தின் விதி என்ன என்று முதலில் பாருங்கள், பல இடங்களில் அதைக் கொண்டு எழுதிச் சமர்ப்பிப்பது முறைகேடாகவே கருதப்படும். விதி அனுமதித்தாலும், முதல் வரைவை அதனிடம் கொடுத்துவிட்டால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்து கற்க நினைத்த பகுதியையே அதற்குக் கொடுத்துவிட்டீர்கள். எழுதி முடித்த பிறகு, ‘இந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறதா, எந்த விதி?’ என்று கேட்கப் பயன்படுத்தலாம், பதிலை அகராதியில் சரிபார்த்துக்கொண்டு.

எதைப் படித்தால் எழுத்து மேம்படும்?

எழுதப்போகும் வகையைப் படியுங்கள். வாதக் கட்டுரை எழுத வேண்டும் என்றால் 1976-ல் மாட்ரிட்டில் தொடங்கிய எல் பாயிஸ் போன்ற நாளிதழ்களின் தலையங்கங்களும் கருத்துப் பத்திகளும். ஒரு பத்தியை எடுத்து, அதன் கருத்தைத் தமிழில் குறித்துக்கொண்டு, மூடி வைத்துவிட்டு ஸ்பானிஷில் நீங்களே எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே அவர் ஒரு வாக்கியத்தில் முடித்ததை நீங்கள் மூன்றாக்கினீர்கள் என்று தெரியும்.

ஸ்பெயினா, மெக்சிகோவா, அர்ஜென்டினாவா? எழுத்து மாறுமா?

பேச்சளவுக்கு மாறாது. கட்டுரை நடை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பெயினில் பலரைச் சேர்த்து ‘நீங்கள்’ என்பதற்கு நெருக்கமானவர்களிடம் ‘வொசோத்ரோஸ்’, லத்தீன் அமெரிக்காவில் எல்லோருக்கும் ‘உஸ்தேதெஸ்’. கணினி ஓரிடத்தில் ‘ஓர்தெனாதோர்’, இன்னோரிடத்தில் ‘கொம்புத்தாதோரா’. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள், ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள். 1218-ல் தொடங்கிய சலமான்கா பல்கலைக்கழகமானாலும், வெளிநாட்டவருக்காக 1921-லிருந்தே வகுப்பு நடத்தும் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகமானாலும், வகுப்பில் எத்தனை பேர், ஒரே கட்டுரைக்கு எத்தனை வரைவு வாங்குகிறார்கள் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஊரின் அழகு அதற்குப் பிறகு.

பத்துக்கு 7 வந்திருக்கிறது. மோசமா?

இல்லை. ஸ்பெயினில் 5 வந்தால் தேர்ச்சி, 7-லிருந்து ‘நொதாப்லே’ (நன்று), 9-லிருந்து ‘சொப்ரெசாலியெந்தே’ (மிகச் சிறப்பு). எழுத்து வகுப்பில் வெளிநாட்டு மாணவருக்கு 7 என்பது மதிக்கத்தக்க மதிப்பெண்.

கடைசியில் சான்றிதழ் தேர்வு எழுதலாமா? டெலேயா, சியேலேயா?

டெலே தேர்வை செர்வாந்தெஸ் நிறுவனம் ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரால் நடத்துகிறது, சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும், தேர்ச்சி அல்லது தோல்வி. சி1-ல் எழுத்துப் பகுதிக்கு 80 நிமிடம், இரண்டு பணிகள். முதல் பணியில் ஒரு உரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதை வைத்து எழுத வேண்டும், அதனால் காதில் விழுவதைச் சுருக்கி எழுதும் பயிற்சியும் தேவை. அதில் வாசிப்பும் எழுத்தும் ஒரே குழு, 50-க்கு 30 வேண்டும், ஆக நன்றாகப் படிக்கிறவர் எழுத்தில் கொஞ்சம் சறுக்கினாலும் தப்பிக்க வழி உண்டு. சியேலே கணினியில் எழுதுவது, தோல்வி என்பதில்லை, 1000-க்கு இவ்வளவு புள்ளி என்று வரும், 5 ஆண்டு செல்லும், ஆனால் சி2 அளவுக்குப் போகாது. மேற்படிப்புக்கு உடனே ஏதாவது காட்ட வேண்டும் என்றால் சியேலே போதுமா என்று சேரப்போகும் இடத்தில் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் டெலே சி1-ஐ நோக்கிப் படிப்பதையே நான் சொல்வேன், அதன் எழுத்துப் பணிகள் வகுப்பில் செய்வதற்கு மிக நெருக்கமானவை. ஊருக்குத் திரும்பும் முன்பே எழுதிவிடுங்கள், தேதிகளும் பதிவுக்கான கடைசி நாளும் செமஸ்டரின் நடுவிலேயே வந்துவிடலாம்.